அக்கா அழுத மெட்டு

“இது நான் அழுததுதானே?” என்று கேட்டபடி அந்த அக்கா காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினார்.

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் என் எதிர் இருக்கையில் அவரும் அவர் தம்பியும். தம்பி பாடல்களுக்கு இசையமைக்கிறவன் போல. ஏறியதிலிருந்து அவன் கால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பார்க்கவே எனக்கு எரிச்சல்.

“இல்லக்கா, மெட்டு தானா வந்துச்சு.”

“பொய் சொல்லாத லா. அப்பா செத்தன்னிக்கு பெட்டிய மூடுறப்ப நான் இப்படித்தான் இழுத்து இழுத்து அழுதேன். ரெக்கார்ட் பண்ணியா?”

“சத்தியமா இல்ல. மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. குளிக்கிறப்ப, மோட்டார் ஓட்டுறப்ப, எப்பவும் அதான். வேற மெட்டே வரல. பாட்டா போட்டு முடிச்சப்புறந்தான் தூக்கமே வந்துச்சு.”

“எதுக்கு இந்தப் பாட்டு?”

“தீபாவளி விளம்பரம். கொஞ்சம் வேகமாக்கிட்டேன்.”

சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறியது. அக்கா குரலைத் தணிக்கவில்லை.

“பாடுற பொண்ணு நடுவுல மூச்சு எடுக்குது. நான் எடுக்கல.”

“தெரியும்க்கா. திரும்பத் திரும்பப் பாட வச்சேன். அவளால முடியல.”

“இவ்வளவு கவனிச்சிருக்க. அன்னிக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சொந்தக்காரங்க எல்லாரும் என்கிட்ட கேட்டாங்க.”

“உன் அழுகையோட தாளத்த விட்டுடக் கூடாதுன்னு பிடிச்சிட்டிருந்தேன்.”

அக்கா இயர்போனை அவன் மடியில் போட்டார்.

“சரி, இதுல என் அழுகை இருக்கு. உன் அழுகை எங்கடா?”

கிள்ளானிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால் நின்றது.