கிறகோரியின் காருக்குப் பெரிய பிரேக்

கலிஸ்ரா: முன்னுக்கு ரெண்டு சில்லுக்கும் பிரேக் மாத்தினாப் போதும் வின்சனண்ணை. பின்னுக்குப் பிரச்சினையில்லை.

வின்சன்: பொறு பிள்ளை, பொறு! கராச்சுக்குள்ள கால் வைச்சவுடனே நீயே வைத்தியமும் சொல்லிறாய். உன்ர மனுசன் எங்க?

கலிஸ்ரா: அவர் வவுனியாவில. வெள்ளிக்கிழமைதான் வேலை முடிஞ்சு றெயினில வருவார்.

வின்சன்: அப்ப வட்டக்கச்சியில இருந்து காரை ஆர் கொண்டந்தது?

கலிஸ்ரா: அவற்ர கூட்டாளி ஒராள்... விட்டிட்டு உடன பஸ்ஸில போயிட்டார்.

வின்சன்: கிறகோரிக்கு இருக்கிற ஒரே கூட்டாளி நான்!

கலிஸ்ரா: ஏனண்ணை, இன்னொராள் இருக்கக் கூடாதோ? பெரிய டிஸ்க் போடுவியளோ, மாட்டியளோ?

வின்சன்: போடலாம். ஆனா பெரிய டிஸ்க் சின்ன றிம்முக்குள்ள...

கலிஸ்ரா: பதினேழு இஞ்சி றிம் தானே கிடக்கு. வடிவாப் போகும்.

வின்சன்: ஓ...?

கலிஸ்ரா: அவர் சொன்னவர்.

வின்சன்: ம்... விரலில என்ன, பிளாஸ்டர்?

கலிஸ்ரா: மீன் வெட்டேக்க பட்டிட்டுது. அதை விடுங்கோ. வெள்ளிக்கு முதல் முடிக்கோணும். அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.

வின்சன்: அவன்ர காருக்கு பிரேக் மாத்திறது அவனுக்கே தெரியக் கூடாதோ?

கலிஸ்ரா: பிறந்தநாளுக்கு சர்ப்பிறைஸ்.

வின்சன்: எடி, அவன்ர பிறந்தநாள் மார்கழியில!

கலிஸ்ரா: ...வேளைக்குச் செய்து வைச்சா என்ன குறைஞ்சு போகுது?

வின்சன்: உண்மையைச் சொல்லு பிள்ளை. என்ன நடந்தது?

கலிஸ்ரா: என்ன நடந்ததோ... அவர் காரைக் கண்மண் தெரியாமல் ஓடுறார் அண்ணை. எனக்குப் பயமாக் கிடக்கு.

வின்சன்: ஆர்... கிறகோரியோ?

கலிஸ்ரா: ஏன் சிரிக்கிறியள்?

வின்சன்: இல்லை... சிரிக்கேல்ல... நீ சொல்லு.

கலிஸ்ரா: தர்மபுரத்தில சனம் பாதி றோட்டில நெல்லுக் காயப் போட்டிருந்ததுகள். தூரத்திலயே பிரேக்கைப் பிடிச்சால், பெடல் பஞ்சு மாதிரி நிலம் வரைக்கும் போகுது! ஒரு மனுசி முதுகைக் காட்டிக்கொண்டு காலால நெல்லைக் கிளறிக்கொண்டு நிண்டவா. பாம் பாம் எண்டு கோண் அடிச்சாலும் திரும்புறா இல்லை. குத்திக் குத்தி மிதிச்சு, கார் நிக்கேக்க அவாவின்ர பாவாடைக்கும் காருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அண்ணை, ரெண்டு நாள் நித்திரை இல்லை. இன்னொருக்கா அப்பிடி நடந்தா நான் செத்துப்போவன்.

வின்சன்: கூடவே இருந்த மாதிரியெல்லே சொல்லிறாய்.

கலிஸ்ரா: அவர்... அவ்வளவு வடிவாச் சொன்னவர்.

வின்சன்: சரி, சில்லைக் கழட்டிப் பாப்பம்... அட மாதாவே!

கலிஸ்ரா: என்னண்ணை?

வின்சன்: தைப்பொங்கலுக்கு முதல்தானே புது பிரேக் பாட் போட்டனான்! இப்ப தகடு மட்டும் மிஞ்சிக் கிடக்கு. டிஸ்க் சூட்டில நீலம் பாரிச்சிருக்கு. உது கிறகோரி ஓடின ஓட்டம் இல்லை.

கலிஸ்ரா: உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? அவர் வெளிக்கிட்டா ஊரே அதிருது.

வின்சன்: சத்தம்தான் அதிருது! சைலன்சர் நான் போட்டது. சத்தம் நூறு, ஓட்டம் முப்பது. கோழி ஒண்டு குறுக்க வந்தா அது வீடு போய்ச் சேரும் மட்டும் நிப்பாட்டி வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பான்!

கலிஸ்ரா: என்ர மனுசனைப் பழிக்காதேங்கோ.

வின்சன்: பழிக்கேல்ல. நல்ல மனுசன், ஆனா பயந்தவன். சரி, மாதா மேல சத்தியம் பண்ணு. தர்மபுரத்தில ஓடினது கிறகோரிதானோ?

கலிஸ்ரா: சும்மா இருங்கோண்ணை. கராச்சு ஒயிலுக்குள்ள மாதாவை ஏன் இழுக்கிறியள்?

வின்சன்: ஆ! சத்தியம் பண்ணமாட்டாய்!

கலிஸ்ரா: அவர்தான் ஓடினவர். எத்தினை தரம் சொல்லிறது?

வின்சன்: அவனால ஏலாது பிள்ளை, ஏலவே ஏலாது! ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவனுக்கு வாக்குக் குடுத்தனான். என்னைச் சொல்ல வைக்காதை.

கலிஸ்ரா: என்ன அது?

வின்சன்: வேண்டாம்...

கலிஸ்ரா: சொல்லுங்கோ எண்டுறன்!

வின்சன்: கார் வாங்கின கிழமையே வந்து கெஞ்சினவன். "மச்சான், தொட்டாப் பறக்குது, எனக்கு நெஞ்சு இடிக்குது, ஏதும் செய்" எண்டு. அக்சிலேற்றருக்குக் கீழ ஒரு பாலை மரக் கட்டையை வைச்சு, கம்பியால இறுக்கிக் கட்டிக் குடுத்தனான். ஏறி நிண்டு மிதிச்சாலும் நாப்பதைத் தாண்டாது! அந்தக் கட்டை இருக்கேக்க இந்த பிரேக் எப்பிடித் தேயும்?

கலிஸ்ரா: டிஸ்க்குக்கு எவ்வளவு முடியும் அண்ணை?

வின்சன்: கதையை மாத்தாதை பிள்ளை! ஆர் ஓடினது?

கலிஸ்ரா: பிரேக்கோட சேத்து அந்தக் கட்டைக்கும் கம்பிக்குப் பதிலா லேசாக் கழட்டிப் பூட்டக்கூடிய மாதிரி ஒரு கொளுக்கி வைச்சுத் தாங்கோ அண்ணை... வெள்ளிக்கு வெள்ளி அவர் வர முதல் திரும்பக் கட்டிக் கட்டி என்ர விரலெல்லாம் கிழிஞ்சு போச்சு.