எச்சில் தட்டைக் கழுவாமப் போடச் சொன்ன மாரிக்கண்ணன்

கூட்டத்துக்குத் தலைமை ஏத்திருக்கற மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன் சார் அவர்களே! அம்பர்நாத்துல இருந்து வந்திருக்கற, எறந்தவனுக்கு மூத்தவன், என் மாப்ள செல்லத்துரை அவர்களே! குர்லாவுல கடைய அடைச்சிட்டு ஓடி வந்திருக்கற மெக்கானிக் அப்துல் ஹாதி பாய் அவர்களே! முன் வரிசையில உக்காந்திருக்கற மாரிக்கண்ணன் பொஞ்சாதி விஜயராணி அவர்களே! மொறைக்காத ராணி, மேடையில ஏறுனா எல்லாருமே அவர்களேதான். தாராவி, செம்பூர், இந்த லேபர் கேம்ப்புன்னு எங்கெங்க இருந்தோ வந்திருக்கற, வீட்டுல பாத்திரங் கழுவுற மெஷினு வச்சிருக்கற பெருமக்களே! வைக்காத பெருமக்களே! எல்லாருக்கும் பூதத்தானோட வணக்கம்.

வாசல்ல போர்டு பாத்தியளா? ‘டிஷ்வாஷர் டாக்டர் மாரிக்கண்ணன் மறைந்தார்’னு போட்டிருக்கு. டாக்டராம்! அவன் எட்டாங் கிளாஸு. நான் மூணாங் கிளாஸு. அப்படிப் பாத்தா நான் கம்பவுண்டராவது ஆக வேண்டாமா?

போன செவ்வாக்கெழம காலையில டீயக் குடிச்சுக்கிட்டே செவுத்துல சாஞ்சான். சாஞ்சவன் எந்திரிக்கல. நெஞ்சடைப்புன்னுட்டாவ. ஏலே மாரி, என்னைய முந்திக்கிட்டுப் போக உனக்கு எவன் சொன்னான்? வரிசையில நான்லா முன்னால நிக்கேன்! ரேஷன் கடையிலயும் இப்படித்தான் பூந்து போவான்.

எங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. நான் தொண்ணூறடி ரோட்டுல பாத்திரக் கடை போட்டவன். பாத்திரம் தேயணும், நசுங்கணும், அப்பத்தான் எனக்கு யாவாரம். இவன் தேய்க்காமலே கழுவுற மெஷினுக்கு வைத்தியம் பாத்தவன். எப்படி ஒத்துப் போவும்? சாயங்காலம் ஆனா என் கடை வாசல்ல வந்து நிப்பான். “என்ன மாமா, இன்னைக்கு எத்தன பேரு தலையில மொளகா அரச்சிய?”ம்பான். “உன்னைய விடக் கம்மிதாம்லே மாப்ள”ம்பேன். அவன் போன நாள்ல இருந்து ஒரு சண்டையும் இல்லாம எனக்கு டீ எறங்க மாட்டேங்குது.

அன்னாருடைய தொண்டு! அதப் பத்திப் பேசணும்னுதான் என்னைய ஏத்தி விட்டிருக்காவ. பேசுதேன். என்ன தொண்டு செஞ்சான் மாரிக்கண்ணன்? ஊரு ஊரா, மாடி மாடியாப் போயி ஒரே ஒரு வாக்கியத்த சொல்லிக்கிட்டுக் கெடந்தான். “கழுவிப் போடாதீங்க தாயி!”

சிரிக்கிய. இங்க சிரிக்கறவிய பூராப் பேரும் வீட்டுல கழுவித்தான் போடுதிய. எனக்குத் தெரியாதா?

மாட்டுங்காவுல ஒரு வீடு. பேரு வேண்டாம், தலைவரு மேடையிலதான் இருக்காரு. மெஷினு சரியாக் கழுவலை, கண்ணாடி டம்ளரு பூராம் பொகை அடிச்சாப்புல மங்கிப் போச்சுன்னு போன் வந்துச்சு. மாரி போனான். மெஷினத் தொடவே இல்ல. “எப்பவும் போல அடுக்குங்கம்மா, நான் பாக்கேன்”னுட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டான். அந்தம்மா என்ன செஞ்சாவ? தட்டை எடுத்தாவ, குழாயடியில காட்டுனாவ, சோப்புப் போட்டுத் தேய்ச்சாவ, அலசுனாவ, துணியால தொடச்சாவ. பொறவு மெஷினுக்குள்ள வச்சாவ! “எதுக்கும்மா?”ன்னு கேட்டா, “எச்சில் தட்டை எப்படி அப்படியே உள்ள வைக்கறது? மெஷின் எச்சிலாயிடாதோ?”ன்னு கேக்காவ.

மாரி என்கிட்ட வந்து சொன்னான். “மாமா, குளிப்பாட்டிட்டு அதுக்கப்புறம் புள்ளைய ஆத்துக்குக் குளிக்க அனுப்புதாவ.” அந்தம்மாகிட்ட எப்படி வெளக்குனான் தெரியுமா? “அம்மா, அந்த மெஷினு சோப்புக்கு அழுக்குதான் சாப்பாடு. நீங்க அழுக்கே இல்லாம அனுப்புனா அது எதத் தின்னும்? டம்ளரத் தின்னும். நம்ம பம்பாய்த் தண்ணி ஏற்கெனவே உப்பில்லாத மெதுத் தண்ணி, அதுல சோப்புக்கு வேகம் கூடும், போதாததுக்கு இது வேற. மங்காம என்ன செய்யும்? எலும்பு, கருவேப்பிலை, எலுமிச்சங் கொட்டை, இதை மட்டும் வழிச்சு எறிங்க. கழுவாதீங்க. உள்ள கொதிக்கக் கொதிக்கத் தண்ணி சுத்துது, அதுக்குப் பொறவு என்ன எச்சிலு?”

அந்தம்மா ஒத்துக்கிட்டாவளா? எங்க! சாரு வந்து, “அவர் சொல்றபடி ஒரு வாரம் செஞ்சு பாரேன்”னு சொல்லித்தான் வழிக்கு வந்தாவ. மங்குனது மங்குனதுதான், அதுக்குப் பொறவு வாங்குன டம்ளரு இப்பவும் பளபளன்னு இருக்கு. நானே பாத்தேன். காபி குடிச்சேன். சரிதானே சார்? பாருங்க, தலையாட்டுதாரு. பேரு வேண்டாம்னேன், அவராக் காட்டிக் குடுத்துக்கிட்டாரு.

அதே வீட்டுல இன்னொரு கதை உண்டு. சாருக்கு மெஷினு மேல ரொம்பப் பாசம் வந்துபோச்சு. ஒரு நாளு தோசைக்கல்லைத் தூக்கி உள்ள வச்சுட்டாரு! இரும்புக் கல்லு! எத்தனையோ வருஷமா எண்ணெய் குடிச்சு வளந்த கல்லு! மறுநாள் காலையில ஒரு தோசையும் கெளம்பல. மாரிக்குப் போன் பண்ணி, “மெஷின் ரிப்பேர், உடனே வாங்கோ”ங்காரு. இவன் போய்ப் பாத்தா மெஷினு நல்லாத்தான் இருக்கு. ரிப்பேரு தோசையில! நம்மாளு என்ன செஞ்சான்? அடுப்பப் பத்த வச்சு, பாதி வெங்காயத்த எண்ணெயில முக்கித் தேய்ச்சு, சாரோட வூட்டம்மாவுக்கு மொத தோசைய ஊத்திக் குடுத்துட்டுத்தான் வந்தான். எந்த டாக்டரு வந்து தோசை சுடுவாரு? சொல்லுங்க, எந்த டாக்டரு சுடுவாரு?

இது ரிப்பேரு. வாங்கப் போறவியளுக்கு அவன் வச்ச பரீட்சை இருக்கே, அது தனி. “மெஷினு வாங்கணும் மாரி, எது நல்லது?”ன்னு கேட்டா, எந்தக் கம்பெனி பேரும் சொல்ல மாட்டான். “உங்க வீட்டு இட்லிப் பானை, வாணலி, பெரிய தாம்பாளம் மூணையும் பையில போட்டுக் கடைக்கு எடுத்துட்டு வாங்க”ம்பான். செம்பூர் ஷோரூமுக்கு அப்படி என்னையவே ஒருக்கா இழுத்துட்டுப் போனான். ஏசி போட்ட கடை. வாட்ச்மேன் பைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, “சாச்சா, இதர் பர்தன் ரிப்பேர் நஹி ஹோதா”ங்கான். பாத்திரம் ரிப்பேரு பண்ண வந்த ஆளுன்னு நெனச்சுட்டான்!

உள்ள போயி மாரி மெஷினு கதவைப் பாதி தொறந்து விட்டான். விட்ட எடத்துலயே நின்னா ஸ்பிரிங்கு நல்ல ஸ்பிரிங்கு. பொத்துன்னு விழுந்துச்சுன்னா அந்த மெஷினு வேண்டாம். கீழ்த்தட்டுல எங்க பாத்திரத்தை எல்லாம் ஏத்தி வெளிய இழுத்தான். சக்கரம் முனகுனா வேண்டாம். தண்ணி பீச்சுற கையைச் சுத்தி விட்டான். அது போய் இட்லிப் பானையில முட்டுச்சு. வேண்டாம். அடியில இருக்கற சல்லடைய வெறுங் கையாலே கழட்டிப் பாத்தான். கடைசியா அந்த சேல்ஸ்மேன் பயலப் பாத்து, “தம்பி, இதோட மோட்டாரு போச்சுன்னா பம்பாய்க்குள்ள எங்க கெடைக்கும்?”னு கேட்டான். பய மேல பாத்தான், கீழ பாத்தான், டிஸ்கவுண்டு இருக்குங்கான். “மாமா, பையத் தூக்குங்க”ன்னுட்டான். கதவுல நீல வெளக்கு எரியுது, போன்ல பேசுதுன்னு மயங்கி வாங்கறவியளுக்கு அவன் சொல்லுவான்: “வெளக்கு கழுவாது. தண்ணிதான் கழுவும்.”

சரி. இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். படத்துக்கு முன்னால மேசை மேல ஒரு காக்கிப் பை இருக்கு, பாத்தியளா? மாலை போட்டிருக்காவ. மாரியோட பை. ஸ்பேனரு, டெஸ்டரு, சின்னப் பிரஷ்ஷு எல்லாம் அதுக்குள்ள. இந்தக் கூட்டம் முடியுமுன்ன அதை ஹாதி பாய் கையில ஒப்படைக்கணும், இனி மெஷினு வேலைய அவரு பாக்கணும், நாளைக்கு ராணி அம்பர்நாத்துக்குப் போயி புருஷனோட அண்ணன் வீட்டோட இருக்கணும். இது செல்லத்துரை மாப்ளயோட முடிவு. கெட்ட எண்ணம் ஒண்ணும் கெடையாது. தம்பி பொஞ்சாதியத் தனியா விடப்படாதுன்னு நெனைக்கான். நல்ல மனுஷன். அம்புட்டுப் பேருகிட்டயும் யோசனை கேட்டான். என்கிட்டக் கேட்டான். ஹாதி பாய்கிட்டக் கேட்டான். டீக்கடைக்காரன்கிட்டயும் கேட்டான். ராணிகிட்ட மட்டும்தான் கேக்கல.

நேத்து நான் கேட்டேன். “என்ன ராணி, போறியா?”ன்னேன். “சித்தப்பா, அவரு போயிட்டாரு. வேலையும் போயிரணுமா?”ன்னு கேட்டா. அந்தக் கேள்வியத்தான் இங்க கொண்டாந்திருக்கேன்.

மாரிக்கு நீங்க போன் பண்ணுதியல்லா, மொதல்ல எடுக்கறது யாரு? அவன் எங்கயாவது மெஷினுக்கு அடியில மல்லாந்து கெடப்பான். போனு ராணிகிட்டத்தான். “சத்தம் எப்படி வருது? தண்ணியே ஏறலையா, ஏறி நிக்குதா? சல்லடையக் கழட்டிப் பாத்தியளா?” பாதி ரிப்பேரு இவ கேள்வியிலயே முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஜோடியாத்தான் போவாவ. அவன் அடியில இருந்து கைய நீட்டுவான், கேக்குமுன்னயே ஸ்பேனரு கையில வந்து உக்காரும். முட்டுவலி வந்த பொறவு அவன் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டான், இவ அடியில படுத்தா. இதுக்கும் டாக்டருன்னு பேரு வாங்குனது அவன்தான்!

“ஒரு பொம்பள தனியா ஊரான் வீட்டு அடுப்படிக்குள்ள போறதா மாமா?”ன்னு கேக்கான் செல்லத்துரை. மாப்ள, அடுப்படிக்குள்ள பொம்பள போகக் கூடாதுன்னு என் வயசுக்கு இன்னைக்குத்தாம்லே கேள்விப்படுதேன்.

ஆகவே பெருமக்களே, அன்னாருடைய பணியை நாம் தொடர்ந்து… என்னது? போனு அடிக்குதா? யாரு போனு? மாரி போனா? கட் பண்ணாத ராணி! மாப்ள, நீ சும்மா இரு. எடு. எடுத்து ஸ்பீக்கர்ல போடு. மைக்க இப்படிக் கொண்டாங்கடே. பின்னால இருக்கறவியளுக்குக் கேக்காது, நான் சொல்லுதேன்.

கோபர்கைரனேயில இருந்து நூர் நிஷான்னு ஒரு அம்மா. டிபன் செஞ்சு குடுக்கறாவளாம். “மாரி அண்ணன் இருக்காங்களா?”ன்னு கேக்காவ.

ராணி சொல்லிட்டா. “அவரு போயிட்டாருக்கா. போன செவ்வாக்கெழம.”

அழுவுதாவ. அங்கன இருந்து அழுவுதாவ. “எனக்குத் தெரியாதே, மன்னிச்சிருங்க, போன வைக்கறேன்”ங்காவ.

கேட்டியளா? ராணி என்ன சொன்னான்னு கேட்டியளா? “வைக்காதீங்கக்கா. மெஷினுக்கு என்ன?”

உஷ்! யாரும் பேசப்படாது. மெஷினு நின்னுபோச்சாம். அடியில தண்ணி தேங்கி நிக்குதாம், வெளிய போகலியாம். சல்லடையக் கழட்டிட்டாங்களாம், சுத்தமாத்தான் இருக்காம்… இப்ப ராணி கேக்கா: “சிலிண்டரு மாத்துனியளா?” சிலிண்டரா? பாத்திரங் கழுவுற மெஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் என்ன… ஹாதி பாய் சிரிக்காரு! பாய்க்கு வெளங்கிட்டு, எனக்கு வெளங்கல.

“காலையிலதான் வந்துச்சு”ங்காவ அந்தம்மா. “சிங்க்குக்கு அடியில வச்சீங்களா? மெஷினுல இருந்து தண்ணி போற குழாய் அங்கனதான் ஓடுது. சிலிண்டரு அது மேல உக்காந்திருக்கும். நகட்டிப் பாருங்கக்கா.” நகட்டுதாவ. கேக்குதா? கர்ர்ருன்னு சிலிண்டரு இழுபடுது. “ஆமாம்மா, குழாய் நசுங்கி அப்பளம் மாதிரி இருக்கு.” “கையால பெசஞ்சு நேராக்குங்க. ஆச்சா? இப்ப ஸ்டார்ட் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கியே புடிங்க.”

உஷ்…

அந்தா! கேக்குதா? கொளகொளன்னு தண்ணி போவுது! மைக்குல கேக்குதுல்லா? மாரிக்கண்ணா, ஏலே, உனக்குக் கேக்குதாலே?

ஹாதி பாய் எந்திரிச்சுட்டாரு. பைய எடுக்காரு. மாலையக் கழட்டிப் படத்துக்குப் போட்டுட்டு… செல்லத்துரை கையில குடுக்காரு. “இது என் கைக்கு வர வேண்டிய பை இல்ல”ங்காரு. மாப்ள, எல்லாரும் உன்னையத்தான் பாக்கோம். நான் ஒரு வார்த்தையும் பேசல. வாயைப் பொத்திக்கிட்டேன், பாரு.

எறங்குதான். படியில எறங்குதான். ராணிகிட்டப் போயிட்டான்… கேக்கான். மொத மொதல்ல அவகிட்டக் கேக்கான். “என்ன தாயி, இருக்கியா?”

தலையாட்டிட்டா. பைய அவ மடியில வச்சுட்டான்.

எனக்குக் கண்ணு மங்குது. கழுவிப் போட்ட டம்ளரு மாதிரி இருக்கு.

கடைசியா உறுதிமொழி. எல்லாரும் சேந்து சொல்லணும், சாரும் சொல்லணும், சாரோட வூட்டம்மாவும் சொல்லணும்: எச்சில் தட்டை வழிச்சுப் போடுவோம், கழுவிப் போட மாட்டோம்! தோசைக்கல்லை உள்ள வைக்க மாட்டோம்! மெஷினு நின்னா மொதல்ல ராணிக்குப் போன் போடுவோம்! சத்தமா! மாரிக்குக் கொஞ்சம் காது மந்தம்.

நல்லது. இனி மௌன அஞ்சலி. எல்லாரும் எந்திரிங்க. ராணி, போன வைக்காத. அந்தம்மாவும் வைக்க வேண்டாம், மெஷினத் திரும்பப் போட்டு விடச் சொல்லு. அப்படியே மைக்குக்கு முன்னால இருக்கட்டும். நாம வாயை மூடிக்கிடுவோம். மெஷினு மட்டும் ஓடட்டும்.