சுருக்கச் செம்மலின் சொறிச்சல்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் பொன்னம்பலம் அவர்களே, வாசிகசாலையை வளர்த்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த அன்னையரே, மண்ணெண்ணெய் குடிக்கும் மின்பிறப்பாக்கியால் முழங்கும் ஒலிபெருக்கியின் உரிமையாளர் வின்சன்ற் அவர்களே, வணக்கம்!

எனக்குச் ‘சுருக்கச் செம்மல்’ என்று பட்டம் சூட்டப் பொன்னாடையோடு நிற்கிறீர்கள். எட்டு ஆண்டுகளாக எந்த மேடையிலும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதவன் இந்த இளையதம்பி என்கிறீர்கள். அன்பர்களே, அது அடக்கமா? அல்ல! அறிவா? அல்லவே அல்ல! அவசரம்! குடலிலே புண், குருதி கலந்த போக்கு. நான் பேச்சை முடித்தது கைதட்டலுக்காக அல்ல, கக்கூசுக்காக!

சிரியுங்கோ முருகேசண்ணை, நல்லாச் சிரியுங்கோ. நான் ஓடுவதற்குப் பின்படலைக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள்தானே!

பிறகு வந்தது சொறிச்சல். விலாவைச் சொறிந்தேன், விரலிடுக்கைச் சொறிந்தேன், அவையை விளித்துவிட்டுச் சொறிந்தேன். அதை என் மேடைப்பாணி என்றெண்ணி, கரவெட்டிப் பேச்சுப் போட்டியில் மூன்று பேர் சொறிந்து சொறிந்து பேசினார்கள். முதற்பரிசு யாருக்கு? நன்றாகச் சொறிந்தவருக்கு!

கண்ணும் மஞ்சளானது. என் மனைவி சிவக்கொழுந்து என்னை ஆசுப்பத்திரிக்கு இழுத்துப்போனாள். “வேறை என்ன வருத்தம் ஐயா?” என்று கேட்டார் ஒரு பெண் டொக்டர். ஆயிரம் மேடை கண்ட நாக்கு அங்கே அடங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளையிடம் போக்கைப் பற்றி எப்படிச் சொல்வது? “ஒண்டுமில்லை” என்றேன்.

அப்போது, சபையிலே வாய் திறந்தறியாத சிவக்கொழுந்து, வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை நோயாளருக்கும் கேட்க முழங்கினாள்: “டொக்டர், எட்டு வருசமா இவருக்கு ரத்தமாப் போகுது!”

டொக்டர் பேனையை வைத்தார். “நல்லவேளை சொன்னீங்களம்மா. குடலிலை உந்த வருத்தம் உள்ள சிலருக்கு ஈரலின்ரை பித்தக்குழாயும் சுருங்கும்; அதாலை மஞ்சளும் சொறிச்சலும் வரும். சொல்லாட்டி கண் மஞ்சளை வெறும் செங்கமாரி எண்டு விட்டிருப்பன்.”

வெட்கத்துக்காக என் ஈரலையே விட்டுக்கொடுக்க இருந்தேனே! அன்று அந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேன். இன்று மாதாமாதம் இரத்தம் சோதிக்கிறார்கள், வேளாவேளைக்குக் குளிசை விழுங்குகிறேன். ஈரல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

ஆகவே அன்னையரே, ஐயன்மாரே! டொக்டரிடம் வயிற்றையும் சொல்லுங்கள், மஞ்சளையும் சொல்லுங்கள், சொறிச்சலையும் சொல்லுங்கள்! மேடையில் மறைப்பதை மறையுங்கள், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்!

ஆறே சொற்களில் என்னைக் காத்தவளுக்கல்லவா இந்தப் பட்டம்? தலைவர் அவர்களே, பொன்னாடையை அங்கே கொண்டுபோங்கள். இஞ்சருமப்பா சிவக்கொழுந்து, எழும்பி ரண்டு சொல்லுச் சொல்லுமன்!

என்ன? “குளிசைக்கு நேரமாச்சு, இறங்குங்கோ”வா?

கேட்டீர்களா! இரண்டு கேட்டேன், மூன்று தந்தாள்! செம்மல் ஆணையிட்டார், நான் இறங்குகிறேன். இத்தனை ஆண்டுகள் நான் ஓடியபோதெல்லாம் வழிவிட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!