வால் மடித்த குழாய்

உங்கள் களிம்பில் ஒரு குறையும் இல்லை, டாக்டர். நீங்கள் அதை நினைத்து மனம் வருந்துவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன்.

என் மகளுக்கு வந்தது லேசான பரு. அன்று நீங்களே சிரித்தீர்கள். "இதுக்கு மாத்திரைகூட வேண்டாம்மா. கிருமியைக் கொல்ற மருந்தும் அடைப்பை எடுக்கிற மருந்தும் சேர்ந்த களிம்பு இது. விடாமப் போடு. அப்புறம் கண்ணாடியே உன்னை விடாது."

வீடு திரும்பும்போது அவள், "முகம் சரியானதும் அந்த ஓட்டல் வேலையில சேர்ந்துடுவேன்ப்பா," என்றாள். வெளியூரில் வரவேற்பு மேசை வேலை. "நீங்கதான் பாவம். உப்பு எது, சர்க்கரை எதுன்னு நக்கிப் பார்த்துத்தான் காபி போடணும்."

நானும் சிரித்தேன். அவள் அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் வீட்டில் இல்லாத நேரங்களில் குளிர்பெட்டி முனகினால்கூட "என்னம்மா?" என்று கேட்டுவிடுவேன்.

நான் களிம்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அலுமினியக் குழாயை மூடிப் பக்கமாக நிரப்ப மாட்டார்கள். வால் பக்கம் நிரப்பி, மடித்து அழுத்துவார்கள். அந்த மடிப்பைப் பிரித்து உங்கள் மருந்தை வழித்தெடுத்தேன். தலைமுடிக்குப் போடும் எண்ணெய்ப் பிசுக்கான வெள்ளைப் பசையை நிரப்பி, பழையபடி மடித்தேன். நஞ்சு எதையும் நான் தொடவில்லை. பருவால் செத்தவர் யாரும் இல்லை.

பரு கழுத்துவரை இறங்கியது. நீங்கள் அவளிடம், "ஒழுங்காப் போடுறியாம்மா? இல்ல, கிருமி மருந்துக்குப் பழகிப்போச்சா?" என்று கேட்டீர்கள். "சத்தியமாப் போடுறேன் டாக்டர்," என்று அழுதாள். படியிறங்கும்போது கைக்குட்டை கொடுத்ததும் நான்தான். நீங்கள் மாற்றி எழுதித் தந்த குழாயையும் பிரித்து நிரப்பினேன்.

வேலை வேறொருத்திக்குப் போனது. என் மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இருவரும் தினமும் சேர்ந்து சாப்பிட்டோம். நல்ல நாட்கள் அவை.

சித்தி வீட்டுக்குப் போனவள் குழாயை இங்கேயே மறந்துவிட்டாள். அங்கே சித்தி அதே மருந்தைப் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கன்னம் தெளிந்து திரும்பி வந்தாள். வந்ததும் இரண்டு குழாய்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதோட வால்ல ஏன்ப்பா ரெண்டு மடிப்புத் தடம்?"

"கம்பெனிக்காரன் மாத்தியிருப்பான் கண்ணு."

என் விரல்களைப் பார்த்தாள். மறுநாள் காலை அவள் அறையில் துணிமணி இல்லை. இப்போது என் அழைப்புகளை எடுப்பதில்லை. முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை என்று சித்தி சொல்கிறாள்.

கோபம் எத்தனை நாளைக்கு, டாக்டர்? பெற்ற அப்பனைப் பார்க்க வராமலா இருப்பாள்? அதற்குத்தான் அந்த மருந்துச் சீட்டை இன்னொரு முறை எழுதித் தாருங்கள். வரும்போது அவளுக்கென்று ஒரு குழாய் தயாராக இருக்க வேண்டும். என்னைப்போல அவளைக் கவனித்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?