பச்சை டீசர்ட்டைப் பார்த்து நின்ற வண்டி

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கார் ரேஸில் டயர் மாற்றுகிற குழுவில் வேலை செய்பவர். மற்றவர் அந்தக் குழுவுக்கு டீசர்ட் தைத்துக் கொடுத்தவர்.

"எண்ணி எட்டு செகண்ட்ல நாலு டயரையும் மாத்தி அனுப்பிப்போட்டமுங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, அது எங்க வண்டியே இல்லீங்க."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, வண்டியப் பார்க்க மாட்டீங்களா?"

"குனிஞ்சு டயரைப் பார்க்கவே நேரம் பத்தாதுங்க. வண்டிய யாரு பார்க்கறது?"

"அந்த டிரைவர் எதுக்குங்க உங்ககிட்ட வந்து நின்னாரு?" என்று கேட்டார் தைத்தவர்.

"வர்ற வேகத்துல அவருக்கு டீசர்ட் கலர்தானுங்க அடையாளம். நீங்க ரெண்டு டீமுக்கும் ஒரே பச்சையில தச்சுக் குடுத்திருக்கறீங்க."

தைத்தவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "துணி மிச்சம் இருந்துச்சுங்க," என்றார். பிறகு, "உங்க வண்டி என்னாச்சுங்க?"

"பின்னாடியே வந்து நின்னுச்சுங்க. ரேஸ் வண்டியில ஹாரன் ஏதுங்க? டிரைவர் கை தட்டிக் கூப்பிடறாரு. எங்ககிட்ட மாட்டறதுக்கு டயர் இல்லீங்க."

"ஜெயிச்சது?"

"நாங்க அனுப்பின வண்டிதானுங்க. எங்க டீம்ல இனி வராதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க. அடுத்த ரேஸுக்கு அந்த டீம்ல கூப்பிட்டிருக்கறாங்க."

தைத்தவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"அப்ப பரவால்லீங்க. இதே டீசர்ட்டையே போட்டுக்கலாமுங்களே."