அவர் கேட்ட வெள்ளம்

கண்ணாடி வீடு கட்டுவதில் கண்ணாடியால் ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவெல்லாம் மண்ணுக்கு அடியில்தான். இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். நந்தன்கோட்டில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர், மனைவி வளர்க்கும் ஆர்க்கிட் செடிகளுக்காகக் கண்ணாடி வீடு கேட்டார். இடம் சரிவு. மேலே குளியலறைத் தொட்டி. அதிலிருந்து ஒரு கழிவுநீர்க் குழாய், எந்த மகானுபாவன் போட்டானோ, நேரே எங்கள் தென்மேற்கு மூலைக்கு அடியில் ஓடியது. அஸ்திவாரத்தின் பாரம் அதன் மேல் இறங்கினால் குழாய் உடையும், அடிமண் கரைந்துவிடும். அதனால் அந்த இடத்தில் சுவரில் ஒரு வாய் விட்டு, மேலே கருங்கல் பலகை போட்டு, குழாயை அதன் பாட்டுக்குப் போகவிடத் திட்டமிட்டேன். இன்றும் அந்தத் திட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

குழாயைப் பார்க்க வந்தவர் வேதமாணிக்கம், டிரெயினேஜ் ஓவர்சியர். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவர், மரியாதையான ஆள். வரைபடம் பார்க்க வலியசாலையில் எங்கள் அகத்துக்கே வருவார். என் பெண் நாகலக்ஷ்மி குடிக்கக் கொண்டுவந்து வைப்பாள். சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தவள். தாயும் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள் என்று இருந்தோம்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அப்பா, வெள்ளம் விடட்டுமா?"

எங்கள் அகத்தில் ஜலம் என்றுதான் சொல்வோம். தெருவில் மலையாளம் பேசும்போது நாங்களும் வெள்ளம் என்போம், அது வேறு. வாசற்படிக்கு உள்ளே அந்த வார்த்தை வந்ததில்லை. வேதமாணிக்கத்தின் வாயில்தான் எப்போதும் இருக்கும். குடிப்பதும் வெள்ளம், குழாயில் ஓடுவதும் வெள்ளம்.

"யார்ட்ட கத்துண்டே இதை?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "அவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேங்கறார். நானும் சரின்னுட்டேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்ப்பா."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன் என நினைக்கிறீர்கள். அதில்லை. அவள் போய்விட்டால் எனக்கு யார் சாதம் போடுவார்கள், நான் இருமினால் யார் எழுந்து வருவார்கள்? கோபப்படவில்லை. மோர் விட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன்.

மழை விட்ட மறுநாள் குழாயின் இணைப்பைத் திறந்து பார்க்கவேண்டியிருந்தது. தொட்டியின் அடைப்புப் பலகையை நானே இறக்கினேன். தொட்டி தளும்ப நின்றது. குழாய்க்காகத் தோண்டியிருந்த குழி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மண் ஊறிக் கிடந்தது. பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்வது என் வழக்கம், அன்று சொல்லவில்லை. வேதமாணிக்கம் இறங்கினார்.

"சாமி, தொட்டிய அடைச்சாச்சுல்லா?"

"அடைச்சாச்சு" என்றேன். அவர் இணைப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு மேலே போய்த் தொட்டியின் பலகையைத் தூக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

மண் சுமக்கும் தாசம்மாள் ஓடி வந்தாள். "சாமி, ஓவர்சியரு குழிக்குள்ள நின்னு வெள்ளம் வெள்ளம்னு விளிக்காரு!"

"தாகமாயிருக்கும். கிணத்தில இறைச்சுக் கொண்டுபோய்க் கொடு."

பாவம், செம்பைத் தேய்த்துக் கழுவி, புதிதாக இறைத்து எடுத்துப் போனாள். அதற்குள் குழியின் கரை சரிந்து அவரை மூடிவிட்டது. பலகை இற்றுப்போய் விலகியிருக்கும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நேரே குழிக்குப் போயிருந்தால் கைகொடுத்துத் தூக்கியிருப்பேனே என்று தாசம்மாள் இன்னும் மாரில் அடித்துக்கொள்கிறாள். கண்ணாடி வீடு எழும்பியது. அஸ்திவாரத்தில் ஒரு விரிசல் இல்லை, போய்ப் பாருங்கள்.

நாகலக்ஷ்மி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டாள். டாக்டரை அழைத்து வந்தேன், பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஸ்பூனால் ஜலம் விட்டாலும் கடைவாயில் வழிந்துவிடும். அவள் காரியங்களை முடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். இனி நான் எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டாள். தாசம்மாள் ஊரெல்லாம் சொல்லி, அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"அவர் வெள்ளம் கேட்டாராமே. குடுத்தேளா அப்பா?"

"குடுத்தேம்மா" என்றேன்.

என் பெண்ணிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.