மாமாவின் போனிலிருந்து போன சாவுச் செய்தி

செத்தவர் போனில் மெசேஜ் நின்றுபோனதை முதலில் நெட்வொர்க் கோளாறு என்றுதான் அவர் குடும்பத்தார் நம்பினார்களாம். விஜயநகர் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“செத்தவரே செத்துட்டேன்னு மெசேஜ் போட்டா யாருக்கா நம்புவாங்க?” என்றான் தம்பி.

“காரியத்துக்குச் சொல்ல வேணாமா? உன் மாமா போன்லதானேடா எல்லார் பேரும் இருந்துச்சு.”

“அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்பினே. மோசடின்னு புகார் பண்ணி, மாமாவோட மெசேஜ் அக்கவுண்டையே முடக்க வெச்சுட்டாங்க. திரும்பக் கேட்டும் கம்பெனிக்காரங்க முடியாதுன்னுட்டாங்க.”

“ஹௌதா, அப்படியா? அப்போ நம்ம கவிதா?”

வீட்டை எதிர்த்து மணம் செய்துகொண்டு போன அக்காளின் மகள், அப்பாவோடு மட்டும், அந்த மெசேஜ் செயலியில் மட்டும் பேசிவந்தாள் என்பது அடுத்த பேச்சில் விளங்கியது.

“அவ நம்பர் எடுக்க முடியாதா?”

“அதுல வெறும் பேர்தான்க்கா தெரியும்.”

“அவளுக்கு மெசேஜ் போச்சா?”

“தெரியலக்கா.”

அக்காள் தன் கணவரின் கைப்பேசியை முந்தானையால் துடைத்தாள். “அப்பாவும் வெட்டிவிட்டுட்டார்னு நினைச்சுக்குவாளேடா.”

தம்பி வழியிலேயே இறங்கிக்கொண்டான். விஜயநகர் வரை அவள் தனியாக வந்தாள்; அந்த வீட்டிலும் இனி அவள் ஒருத்திதான்.